பரிசு பெற்ற படம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்கள் பள்ளி நூலகத்தின் வாசலருகே சுவரில் ஒரு படம் மாட்டப்பட்டிருப்பதைத் தோழியர் அனைவரும் பார்த்திருப்பீர்கள். உயர்ந்து வளர்ந்த புல். நடுவே ஒரு கறையான் புற்று. அதன் மேல் முன்கால்களை ஊன்றி நிற்கும் ஒரு சிவிங்கிப்புலி, படம் எடுத்தவரையே நேருக்கு நேராகப் பார்க்கிறது. சென்ற செப்டம்பரில் நடந்த பள்ளிக் கலைக் கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. அதை எடுத்தவள் நான்.

“எப்படியடி அது உன்னையே பார்க்கிறது?” என்று என்னைக் கேட்காத தோழி இல்லை. பெற்றோர் தினத்தன்று வந்திருந்த பெரியவர்களும் அதையேதான் கேட்டார்கள். “அதிர்ஷ்டம்” என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். அது உண்மை அல்ல. ஆண்டு மலருக்கு ஆப்பிரிக்கப் பயணம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழாசிரியை கேட்டபோது, அந்தக் கேள்விக்கு உரிய பதிலையும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

என் தாய்மாமா கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் ஒரு நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிகிறார். “பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டால் அவளால் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர முடியாது. அதற்கு முன்னால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா” என்று அம்மாவைத் தொலைபேசியில் பல முறை அழைத்துவிட்டார். பயணச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். 2025 மே மாதம் அம்மா, நான், ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த என் தம்பி ஆகிய மூவரும் புறப்பட்டோம். அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. “பார்த்ததை எல்லாம் தினமும் எழுதி வை. நான் வராத குறை அதில் தீரும்” என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து எழுதியதுதான்.

கென்யா சென்று திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு அதற்கான சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். அதற்காகக் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் வரிசையில் நின்றோம். ஊசி என்றாலே ஓடுகிற என் தம்பி, “சிங்கத்தைப் பார்க்கப் போகிறவன் ஊசிக்குப் பயப்படலாமா?” என்று அம்மா கேட்டதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். ஊசி குத்திய பிறகுதான் அழுதான்.

மும்பை வழியாக விமானத்தில் சென்று நைரோபியில் இறங்கினோம். நம்மூரில் அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்த அதே நாளில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் அந்த ஊரில் நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டோம். கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நைரோபி இருப்பதே அதற்குக் காரணம். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். நம் பள்ளி விடுமுறையும் அந்த மழையும் ஒன்றாக வந்துவிட்டன.

மாமாவிடம் நல்ல காமிரா ஒன்றும், தொலைவில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் இருந்தன. முதல் வாரம் முழுவதும் எனக்கு அதில் பாடம் நடந்தது. நைரோபிச் சாலை ஓரத்து மரங்களில் வழுக்கைத் தலையுடன் பெரிய பெரிய நாரைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அவைதாம் என் முதல் மாணவர்கள், இல்லை, ஆசிரியர்கள். “வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். உடம்பு தெளிவாக விழாவிட்டாலும் போகட்டும், கண் தெளிவாக விழ வேண்டும். ஓடும் பிராணி என்றால் 1 நொடியில் 1000-இல் ஒரு பங்கு நேரம் வை. கை நடுங்கினால் படமும் நடுங்கும்” என்று மாமா சொல்லித் தந்தார். கை நடுங்காமல் இருக்க லென்ஸின் அடியில் வைக்க மாமி ஓர் உபாயம் செய்தார். நம்மூர் மஞ்சள் பை ஒன்றில் பாசிப்பயற்றை நிரப்பி வாயைத் தைத்துக் கொடுத்துவிட்டார். அது மெத்தை போல அமுங்கி லென்ஸை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் எந்தச் சாதனமும் அதற்கு ஈடாகாது என்று மாமா சொன்னார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் என் வகுப்புத் தோழியரிடம், “வாயைப் பிளந்து கர்ஜிக்கிற சிங்கத்தின் படம் கொண்டு வருகிறேன், பாருங்கள்” என்று சவால் விட்டு வந்திருந்தேன். பின்னால் நடந்தவற்றுக்கு விதை அந்தச் சவால்தான்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அதிகாலையில் மசாய் மாராவுக்குப் புறப்பட்டோம். மேற்கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரு வண்டி. அதை ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் பெரியவர் ஒருவர் இருந்தால் ‘ம்ஸே’ என்று மரியாதையாக அழைப்பது சுவாஹிலி மொழி வழக்கம். மாமா அவரை அப்படித்தான் அழைத்தார். நாங்களும் அப்படியே அழைத்தோம். ‘சஃபாரி’ என்பதும் சுவாஹிலிச் சொல்தான் என்றும், அதற்குப் பயணம் என்றுதான் பொருள் என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நைரோபியை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் பூமி திடீரென்று காலடியில் இறங்கிவிடுகிறது. அதுதான் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. தொலைவில் லோங்கோனோட் எரிமலை மேகத்தைத் தலையில் சூடி நின்றது. மலைச் சாலை கீழே இறங்கும் வழியில், மாய் மாஹியூ என்னும் ஊருக்கருகே மிகச் சிறிய ஆலயம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலியக் கைதிகள் அந்த மலைச் சாலையை அமைத்தபோது, 1942-இல் தாங்கள் வழிபடுவதற்காக அதைக் கட்டினார்களாம். நம் பள்ளிச் சிற்றாலயத்தைவிடச் சிறியது. சிறைப்பட்டு அயல் நாட்டில் கல் உடைத்த மனிதர்கள் மிஞ்சிய நேரத்தில் ஓர் ஆலயம் கட்டியிருக்கிறார்களே என்று அம்மா வியந்துகொண்டே வந்தார். ம்ஸே வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டு மீண்டும் ஓட்டினார்.

நாரோக் என்ற ஊரின் கோதுமை வயல்களைத் தாண்டிச் செகெனானி வாயில் வழியாகக் காப்பகத்துக்குள் நுழைந்தோம். மசாய் மாராவின் பரப்பு 1510 சதுரக் கிலோமீட்டர். ‘மாரா’ என்றால் மசாய் மக்களின் மொழியில் புள்ளி புள்ளியானது என்று பொருள். பரந்த புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்கள் தூரத்திலிருந்து பார்க்கப் புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நூ மான்கள் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து எல்லை கடந்து மாரா ஆற்றை நீந்தி இங்கே வரும். ஆனால் அவை வருவது ஜூலை வாக்கில். நாங்கள் போனது மே. ஆகவே அந்தக் கண்கொள்ளாக் காட்சி எங்களுக்கு வாய்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்தவை மழையும் சேறும் உயர்ந்த புல்லும்தான்.

வாயிலைத் தாண்டியதும் ம்ஸே வண்டியை நிறுத்தி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “மூன்றே விஷயம்” என்றார். “சத்தம் போடக் கூடாது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது. வண்டித்தடத்தை விட்டு நான் விலக மாட்டேன். விலகச் சொல்லிக் கேட்கக் கூடாது.” ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பதும் அங்குள்ள விதி என்றார். நாங்கள் நால்வரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

அன்று மாலையே சிங்கம் கிடைத்துவிட்டது. தடத்திலிருந்து சுமார் நாற்பது மீட்டர் தள்ளி ஒரு புதரின் நிழலில் நான்கு பெண் சிங்கங்களும் பிடரி மயிர் அடர்ந்த ஓர் ஆண் சிங்கமும் இருந்தன. என் நெஞ்சு படபடத்தது. கூரை வழியே தலையை நீட்டி, மஞ்சள் பையை வைத்து, காமிராவை ஊன்றிக்கொண்டேன். ம்ஸே எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் ஓடினால் வண்டி அதிர்ந்து படம் கலங்கிவிடும். எல்லாம் தயார். ஆனால் சிங்கங்கள் தூங்கிக்கொண்டிருந்தன!

காட்டு ராஜா மல்லாந்து படுத்து, நான்கு கால்களையும் ஆகாயத்தைப் பார்க்க மடக்கிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பூனையைப் போலக் கிடந்தார். வயிற்றின் மேல் ஈ மொய்த்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவர் ஒரு முறை வாலை ஆட்டினார். அவ்வளவுதான். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்விலேயே கழிக்குமாம். “அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை மாதிரி” என்றான் தம்பி. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூங்குகிற சிங்கத்தின் படத்தைத் தோழியரிடம் எப்படிக் காட்டுவது?

அந்த ஒரு மணி நேரத்தில் ம்ஸே தம் தொலைநோக்கியை எனக்குக் கொடுத்து, “முகத்தைப் பார்” என்றார். சிங்கத்தின் மீசை முளைக்கும் இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். நம் கைரேகை போல, ஒரு சிங்கத்துக்கு இருக்கும் புள்ளி வரிசை இன்னொன்றுக்கு இராது. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் எது எந்தச் சிங்கம் என்று அடையாளம் காண்கிறார்களாம். சிவிங்கிப்புலியையும் அதன் உடற்புள்ளிகளையும் வால் வளையங்களையும் கொண்டு அப்படியே அறிகிறார்கள். காமிரா வெறும் பெருமைக்கு மட்டுமல்ல, இப்படி ஒரு வேலைக்கும் பயன்படுகிறது என்று அன்று அறிந்தேன். அறிந்தேனே தவிர, மனத்தில் வாங்கவில்லை.

அன்றிரவு கூடாரத்தில் படுத்திருந்தபோது தொலைவில் சிங்கம் கர்ஜித்தது. சினிமாவில் கேட்பது போல் இல்லை. பெரிய உலோகக் குழாய்க்குள் யாரோ முனகுவது போல், அடிவயிற்றில் உணரும்படியான ஒலி. 8 கிலோமீட்டர் வரை அது கேட்கும் என்கிறார்கள். தம்பி என் போர்வைக்குள் வந்துவிட்டான். இருட்டில் கர்ஜிக்கிறவர் பகலில் கர்ஜிக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் முழுவதும் சுற்றினோம். குட்டியை நடுவில் விட்டு நடந்த யானைக் கூட்டம், மாரா ஆற்றில் பாறைகள் போல மூழ்கிக் கிடந்த நீர்யானைகள், கரையில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்த முதலை, வரிக்குதிரைகள், ஒட்டகச்சிவிங்கிகள் என்று எத்தனையோ கண்டோம். நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது. ஆனால் மழைத் தூறலில் வெளிச்சம் மங்கிப் படங்கள் எல்லாம் சாம்பல் பூத்து விழுந்தன. நாங்கள் திரும்ப வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எஞ்சி இருந்தது ஒரே ஒரு காலை.

ஞாயிறு காலை வானம் துடைத்து விட்டது போல் இருந்தது. ஆறரை மணிக்கு வெயில் புல்லின் மேல் சாய்வாக விழுந்து ஒவ்வொரு தாளையும் பொன்னாக்கியது. அப்போதுதான் ம்ஸே வண்டியை மெல்ல நிறுத்தி, “துமா” என்று கிசுகிசுத்தார். துமா என்றால் சிவிங்கிப்புலி.

தோழியரே, சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. சிறுத்தை மரம் ஏறும். பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சிவிங்கிப்புலி ஒல்லியான உடலும் சிறு தலையும் கொண்டது. கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்து காய்ந்தது போல இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். தரையில் ஓடும் விலங்குகளில் அதற்கு ஈடான வேகம் வேறு எதற்கும் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் அளவுக்குப் பாயும். ஆனால் அந்த வேகத்தில் சில நூறு மீட்டர்தான் ஓட முடியும். ஆகவே இரைக்குத் தெரியாமல் மிக அருகில் பதுங்கிச் சென்றால்தான் அதற்கு உணவு. அதற்குக் கர்ஜிக்கவும் வராது. பறவை போலக் கீச்சிட்டுத்தான் குட்டிகளைக் கூப்பிடும். ‘ஒட்டகச்சிவிங்கி’ என்கிறோமே, அந்தப் பெயருக்குள்ளேயே இந்தச் சிவிங்கி இருக்கிறது. ஒட்டகம் போன்ற உருவமும் சிவிங்கி போன்ற புள்ளிகளும் உடையது என்றுதான் நம் முன்னோர் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள்.

அந்தச் சிவிங்கிப்புலி ஒரு கறையான் புற்றின் மேல் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தது. எங்களிடமிருந்து நூறு மீட்டருக்கும் மேல் இருக்கும். அதற்கு அப்பால் சிறு மான்கள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அது புற்றிலிருந்து இறங்கித் தலையைத் தாழ்த்திப் புல்லுக்குள் நடக்கத் தொடங்கியது. ம்ஸே தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, “தாய். மூன்று குட்டிகள் பின்னால் ஒளிந்திருக்கின்றன. வயிறு ஒட்டியிருக்கிறது, பாருங்கள். இப்போது வேட்டையாடும். அசையாமல் இருந்தால் நல்ல காட்சி” என்றார்.

என் காமிராவில் தெரிந்ததோ சிவிங்கிப்புலியின் முதுகு மட்டும். அதுவும் புல் மறைத்தது. “மாமா, அந்தப் பக்கம் போனால் முகம் தெரியும். வெளிச்சமும் நேராக விழும். கொஞ்சம் போகச் சொல்லுங்கள்” என்றேன். மாமா ம்ஸேயிடம் கேட்டார். அவர் தலையை அசைத்து, “போலே போலே” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மெல்ல, மெல்ல, பொறுமையாக இரு என்று அர்த்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “மூன்று நாளாக ஒரு படமும் இல்லை. இன்றைக்கு ஊருக்குப் போகிறோம். இனி எப்போது வரப்போகிறேன்?” என்றேன். “வேண்டாம் அண்ணா, அவர் சொல்வதைக் கேட்போம்” என்று அம்மா சொன்னார். ஆனால் மாமாவுக்கு என் கண்ணீரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “இரண்டே நிமிடம், ம்ஸே. குழந்தை இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்” என்று கெஞ்சினார். பணமும் கொடுப்பதாகச் சொன்னார். ம்ஸே பதில் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் பணத்துக்காகக் கிளப்பவில்லை என்பது பிறகு தெரிந்தது. மாமா நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வண்டி தடத்தை விட்டு விலகிப் புல்லுக்குள் இறங்கியது. அங்கே மண், பாட்டி ஊரான கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே கறுப்பாக, மழையில் ஊறிக் களியாக இருந்தது. சக்கரம் வழுக்கியது. எஞ்சின் உறுமியது. எல்லா மான்களும் ஒரே சமயத்தில் தலை தூக்கின. மறுகணம் அவை இருந்த இடத்தில் புல் மட்டுமே அசைந்தது.

சிவிங்கிப்புலி எழுந்து நின்றது. மான்கள் போன திசையைப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து புற்றின் மேல் முன்கால்களை ஊன்றி எங்களைப் பார்த்தது. வெளிச்சம் அதன் முகத்தில் நேராக விழுந்தது. கண் தெளிவாக இருந்தது. மாமா சொல்லித் தந்தபடி எல்லாம் அமைந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

அந்தப் படத்தைத்தான் நீங்கள் நூலக வாசலில் பார்க்கிறீர்கள். அது ஏன் என்னையே பார்க்கிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில். அதன் காலை உணவை நான் துரத்திவிட்டேன். அதனால் பார்க்கிறது.

சிறிது நேரத்தில் அது கீச்சென்று குரல் கொடுத்தது. புல்லுக்குள்ளிருந்து மூன்று குட்டிகள் முதுகில் சாம்பல் நிறப் பஞ்சு மயிரோடு ஓடி வந்தன. தாய் அவற்றை அழைத்துக்கொண்டு எங்களுக்கு எதிர்த்திசையில் நடந்து போனது. ம்ஸே அதைப் பார்த்துக்கொண்டே, “போலே” என்றார். இந்த முறை ஒரு தடவைதான் சொன்னார். போலே போலே என்றால் மெல்ல மெல்ல. போலே என்று ஒரு முறை சொன்னால் வருந்துகிறேன் என்று பொருள். அவர் அதை எங்களிடம் சொல்லவில்லை.

தடத்துக்குத் திரும்பி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் வனக்காவலர்களின் வண்டி எதிரே வந்து நின்றது. ஈரப் புல்லில் எங்கள் சக்கரங்கள் இட்ட இரண்டு கறுப்புப் பள்ளங்களை அவர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கள் சக்கரத்தில் அப்பியிருந்த சேறே சாட்சி சொல்லிற்று. காவலர் ஒருவர் ம்ஸேயை இறங்கச் சொல்லி, மகன் வயதே இருக்கக்கூடிய அவர், கண்டிப்பாகப் பேசினார். ம்ஸே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “பயணிகள் கேட்டார்களா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது. ம்ஸே, “வண்டி ஓட்டியது நான்தான்” என்று மட்டும் சொன்னார்.

நான் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். “நான்தான் கேட்டேன்” என்று சொல்ல இரண்டே சொற்கள் போதும். அவை என் வாயிலிருந்து வரவில்லை. மாமா இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டு அபராதத்தைக் கட்டினார். ஆனால் அவமானத்தை யாரால் கட்ட முடியும்? நைரோபி வந்து சேரும் வரை யாரும் அதிகம் பேசவில்லை. பிரியும்போது ம்ஸே எனக்குக் கை கொடுத்து, நன்றாகப் படிக்கும்படி சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஊருக்கு வந்து படத்தைப் பார்த்த அனைவரும் புகழ்ந்தார்கள். கண்காட்சிக்கு வைத்தேன். பரிசும் கிடைத்தது. மேடையில் கைதட்டல் கேட்டபோது இனிமையாகத்தான் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

அக்டோபரில் அறிவியல் மன்றக் கூட்டத்தில் சிவிங்கிப்புலியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலும் சிவிங்கிப்புலிகள் இருந்தன. 1952-இல் அவை நம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 வந்தன. உலகில் காட்டில் வாழ்பவை சுமார் 7000 மட்டுமே எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றை எல்லாம் திரட்டிக்கொண்டிருந்தபோது, மசாய் மாராவிலேயே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின் முடிவு என் கண்ணில் பட்டது. சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மிகுதியாக வரும் பகுதிகளில் அது 0.2 ஆகக் குறைந்துவிடுகிறது. அதாவது அங்கே பத்துத் தாய்மார் சேர்ந்தும் இரண்டே குட்டிகளைத்தான் வளர்த்தெடுக்கின்றன. வேட்டை கலைவதும், தாய் பயந்து குட்டிகளை இடம் மாற்றுவதும் அதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்கிறார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டியில் ஒரு முறை, மேடையில் ஒரு முறை என இரண்டு தடவை நான் வாய் மூடி இருந்துவிட்டேன். மூன்றாவது முறை அறிவியல் மன்றத்தில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசவும் வேண்டும்.

மறுநாள் காலை கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசாகப் பெற்ற புத்தகத்தையும் எடுத்துச் சென்று மேசை மேல் வைத்தேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிஸ்டர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பெரியவருக்குக் கடிதம் எழுதினாயா?” என்று கேட்டார்.

“இல்லை, சிஸ்டர்.”

“முதலில் அதை எழுது. புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

எழுதினேன். ஆங்கிலத்தில் எத்தனையோ கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவளுக்கு அந்த அரைப் பக்கத்தை எழுத மூன்று மாலைகள் ஆயின. மாமா அதை ம்ஸேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாராம். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அவள் அழுததற்கு நான் இரங்கியிருக்கக் கூடாது. என் பேத்திக்கும் அந்த வயதுதான்” என்றாராம். சிவிங்கிப்புலியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். ஆகஸ்டில் அவர் அதை மறுபடியும் பார்த்திருக்கிறார். அதனுடன் ஒரு குட்டிதான் இருந்ததாம்.

சிங்கமும் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலிக் குட்டிகளைக் கொன்றுவிடுவது அங்கே சாதாரணம். மற்ற இரண்டும் போனதற்கு எங்கள் வண்டிதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் அல்ல என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

படத்தை எடுத்துவிடலாம் என்று சிஸ்டரிடம் கேட்டேன். “அது அங்கேயே இருக்கட்டும், கீழே இருக்கும் அட்டையை மட்டும் மாற்றி எழுது” என்றார். சென்ற வாரம் மாற்றினேன். ‘ஆப்பிரிக்காவின் அழகி’ என்று முன்பு நான் வைத்திருந்த தலைப்பு இப்போது இல்லை. “மசாய் மாரா, மே 2025. வண்டித்தடத்தை விட்டு விலகிச் சென்று, வேட்டையைக் கலைத்து எடுத்த படம். இவ்வாறு எடுக்கலாகாது” என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். பரிசுப் புத்தகம் நூலகத்துக்குப் போய்விட்டது. விரும்புவோர் எடுத்துப் படிக்கலாம்.

தோழியரே, சிங்கத்தைக் காண ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2025-இல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டில் குஜராத் மாநிலத்தில் 891 சிங்கங்கள் வாழ்கின்றன. அதுவும் வேண்டாம், முதுமலைக்கோ வேடந்தாங்கலுக்கோ நாம் எல்லோரும் எப்போதாவது போவோம். இப்போது பெரும்பாலான வீடுகளில் கைப்பேசிக் காமிராவும் இருக்கிறது. கூட்டில் இருக்கும் பறவையைக் கைதட்டி எழுப்பாமல், சாலையோர யானையைக் கூவி அழைக்காமல், கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவோம். கிடைக்காவிட்டால் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம். வண்டி ஓட்டுகிறவர் முடியாது என்று சொன்னால் அழாமல் இருப்போம். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைப்பீர்களானால், தவறு செய்தவள் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பு மேசையின் மேல் இன்னொரு படம் இருக்கிறது. அதற்கு யாரும் பரிசு தரவில்லை. மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றில் ஈ மொய்க்க உறங்கும் ஆண் சிங்கத்தின் படம். பொதுத் தேர்வுக்காக இரவில் கண் விழித்துப் படிக்கும்போது அதைப் பார்த்தால் எனக்கும் தூக்கம் வருகிறது என்று அம்மா குறைபட்டுக்கொள்கிறார். ஆனாலும் அதை எடுக்க மாட்டேன். தடத்திலேயே நின்று, எஞ்சினை நிறுத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்த படம் அது. அந்தச் சிங்கம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.